ஏழாவது கேள்வி

"புரியுதா?" என்று கேட்டால், "புரியுது டீச்சர்" என்பார்கள். மலேசியாவின் செனாவாங் நகரில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி அதிகாரியாக இருக்கும் எனக்கு, இதைவிட எரிச்சலூட்டும் பதில் வேறில்லை. நான் டீச்சர் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்று பேசுகிற யாராக இருந்தாலும் அவர்களுக்கு டீச்சர்தான். எஸ்டேட் லயத்து வீடுகளிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண்கள் அவர்கள். நானும் எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் படித்தவள்தான். டீச்சர் கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டாலும் அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தவள். அதனால் அவர்கள்மேல் முழுதாகக் கோபப்படவும் முடியவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் முறுக்கு, கடலை போன்றவற்றைப் பையில் போட்டு வாயை ஒட்டுகிறோம். ஒட்டும் மிஷினுக்குள் சூடான இரும்புப் பட்டை ஒன்று உண்டு. பை உள்ளே சிக்கிக்கொண்டால் பொத்தானை அழுத்தி மிஷினை நிறுத்த வேண்டும், பட்டை ஆறியதற்கு அடையாளமாகச் சிவப்பு விளக்கு அணைய வேண்டும், பிறகு மூடியைத் திறந்து பையை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லிக்கொடுக்க நான் தயாரித்த பாடம் எண்பது ஸ்லைடு. மிஷினின் கையேட்டை வைத்துக்கொண்டு, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து தயாரித்தேன். தலைமை அலுவலகம் பார்த்துப் பாராட்டி, முத்திரை குத்தி அனுப்பியது. கூடவே இருபது கேள்விகளுடன் ஒரு தேர்வு. பாதுகாப்புக் கேள்வி ஒன்று தவறினாலும் தேர்ச்சி கிடையாது. மூன்று முறை தவறினால் வேலை கிடையாது.

அவர்களில் ஒரு அக்கா, என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். மிஷினில் வேலை செய்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒப்பந்தம் முடிகிற நேரம், தேர்வில் தேறினால் நிரந்தரம். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் பத்தொன்பது வாங்கினார். இரண்டு முறையும் தவறியது அதே ஏழாவது கேள்விதான். "சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. அடுத்து என்ன செய்ய வேண்டும்?" மூடியைத் திறக்க வேண்டும் என்பது சரியான பதில். அவர் இரண்டு தடவையும் 'காத்திருக்க வேண்டும்' என்பதைக் குறித்திருந்தார்.

கேள்வித்தாள் மலாய் மொழியில் இருப்பதுதான் சிக்கல் என்று நினைத்தேன். தமிழில் எழுதினேன். படம் போட்டேன். படத்தில் ஒரு பெண்ணை வரைந்து, அவளுக்குக் கம்பெனித் தொப்பி மாட்டி, விளக்கிலிருந்து மூடிக்குப் பெரிய சிவப்பு அம்புக்குறி போட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போயின.

"அக்கா, பத்தொம்பது சரியா இருக்கு. இது ஒண்ணுல மட்டும் ஏங்க்கா இப்படிப் பண்றீங்க?"

"மறந்துட்டேன் டீச்சர்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுத்தப் பிடிவாதம் என்று முடிவுகட்டினேன். மூன்றாம் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, தேர்வு எழுத வேண்டிய ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு மிஷின் இருக்கும் இடத்துக்கே போனேன். மூன்றாம் எண் மிஷின்தான் அப்போது காலியாக இருந்தது. இருப்பதிலேயே பழையது. "நல்லாப் பாத்துக்குங்க" என்று அதட்டிவிட்டு, மிஷினைச் சற்று ஓட்டி, நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். விளக்கு அணைந்தது. மூடியைத் திறந்து கையை விட்டேன்.

"தொடாதீங்க டீச்சர்!"

அந்த அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பதற்குள் இரண்டு விரல் நுனி வெந்துவிட்டது. தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்த மிஷின் அப்படித்தான் டீச்சர். லைட்டு அணைஞ்சாலும் உள்ள சூடாத்தான் இருக்கும். நான் எரநூறு எண்ணிட்டுத்தான் மூடியத் தொடுவேன்."

"இத ஏங்க்கா வகுப்புல சொல்லல?"

"நீங்க டீச்சர். படம்லாம் போட்டுக் காட்டுறீங்க. மூஞ்சிக்கு நேரா எப்படி இல்லன்னு சொல்றது லா?" தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தார். "பேப்பர்ல சொன்னேனே. ரெண்டு வாட்டி."

எனக்கு அவமானமாக இருந்தது. விரல் வலியை விட அதுதான் அதிகம் எரிந்தது.

அன்றைக்கே மேனேஜரிடம் போனேன். ஏழாவது கேள்வியின் விடையை மாற்ற வேண்டும் என்றேன். தலைமை அலுவலகம் அங்கீகரித்த விடையை மாற்ற அடுத்த வருட மறுபார்வை வரை காத்திருக்க வேண்டும் என்றார். தேர்வையாவது தள்ளிவைக்கலாமா என்றேன். அந்த அக்காவின் ஒப்பந்தம் வெள்ளிக்கிழமை முடிகிறதே என்றார். கட்டுப் போட்ட விரலைக் காட்டினேன். விபத்துப் படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கியவர், தலையைத் தூக்காமலே, "இந்த மிஷின் பயிற்சிக்கு நீங்க போயிருக்கீங்களா?" என்று கேட்டார். அந்தப் பயிற்சியைத் தயாரித்தவளே நான்தான். மேசையில் இருந்த படிவத்தைக் கிழித்துப் போடலாமா என்று வந்தது. மிஷினைப் பார்க்கச் சொல்லி மராமத்துப் பகுதிக்கு எழுதினேன். பட்டியலில் சேர்த்திருப்பதாகப் பதில் வந்தது. 'விளக்கு அணைந்தாலும் இருநூறு எண்ணு' என்று தமிழிலும் மலாயிலும் எழுதி மிஷினில் ஒட்டினேன். மறுநாள் காலையில் அது இல்லை. அங்கீகரிக்கப்படாத ஆவணமாம். திரும்பவும் ஒட்டினேன்.

தேர்வு நாளில் ஆறு பேரும் பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பாதி நேரத்தில் அந்த அக்கா கையைத் தூக்கினார். இத்தனை வருடத்தில் என் வகுப்பில் ஒருவர் கேள்வி கேட்கக் கை தூக்கியது அதுதான் முதல் தடவை.

"டீச்சர், ஏழாவதுக்கு உங்க பதிலப் போடவா, என் பதிலப் போடவா?"

எதிரே அவர் வேலை இருந்தது. என் கையில் கட்டு இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பேப்பர்ல என் பதிலப் போடுங்கக்கா. மிஷின்ல உங்க பதில்."

"சரி டீச்சர்."

ரப்பர் தேய்க்கும் சத்தம் கேட்டது. ஒருவர் தேய்க்கிற சத்தமாக இல்லையே என்று திரும்பிப் பார்த்தேன். ஆறு பேரும் குனிந்து ஏழாவது கேள்வியை அழித்துக்கொண்டிருந்தார்கள்.