மூஞ்சி வராத போட்டோ

ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் எனக்கு குவாலிட்டியில் வேலை. பாகத்தில் கீறல், பள்ளம், துரு எது கண்ணில் பட்டாலும் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் படமெடுத்து மேலே அனுப்ப வேண்டும். ஏழு வருடம் இதைச் செய்ததில் கலைக்கண் வந்துவிட்டதாக எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். பழைய கேமரா ஒன்று வாங்கி, ஷிஃப்ட் விட்டுப் போகிறவர்களை எடுத்தேன். இருபத்திரண்டு படம் சேர்ந்ததும் கண்காட்சி வைக்காமல் இருப்புக்கொள்ளவில்லை.

ஆடி மாதம் சுங்குவார்சத்திரத்தில் கல்யாண மண்டபம் சும்மா கிடக்கும். பந்தி ஹாலை மட்டும் கொடுத்தார்கள். படங்களை அச்சடித்தது ஃப்ளெக்ஸ் கடைக்காரர். "பேரு எங்க? பர்த்டேவா, காதுகுத்தா?" என்று கேட்டார். கலை என்றேன். "அப்போ ஓரத்துல ரோஜாப்பூ வெச்சிடட்டா?" என்றார். அந்த ரோஜாப்பூவைத் தடுக்க அரைநாள் ஆனது.

வாசலுக்கு நேரே நான் மாட்டிய படம் என் நண்பனின் வலது கை. பழைய கம்பெனியில் பிரஸ் மெஷினில் நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன. எடுக்கவா என்று கேட்டபோது அவன் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று.

"மூஞ்சி வராதுல்ல மச்சான்?"

"சத்தியமா வராதுடா."

காரணம் இருந்தது. வேறு கம்பெனியில் சேர்ந்து அவனுக்கு ஐந்து மாதம். இன்னும் ஒரு மாதம் ஓட்டினால் வேலை நிரந்தரம். விரல் போனதை அவன் அங்கே சொல்லவில்லை. மெடிக்கலில் கண்ணையும் ரத்தத்தையும் பார்த்தார்கள். விரலை எண்ணும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. லைனில் எல்லோருக்கும் கையுறை. காலியான இரண்டு விரல்களிலும் இவன் பஞ்சை அடைத்துக்கொள்வான். கையுறையைக் கழற்றினால் கை பாக்கெட்டுக்குள் போய்விடும்.

இனி என் புத்திசாலித்தனம். சிறப்பு விருந்தினர் இல்லாமல் நம் பக்கத்தில் எந்த விழாவும் விழா ஆகாது. பொன்னாடை போர்த்த ஒரு தோள் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே பெரிய தோள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைக்குப் பறவைகளைப் படமெடுக்க வரும் ஒரு ஹெச்.ஆர். மேனேஜர். நண்பன் வேலை பார்க்கும் அதே கம்பெனி. கையில் பெயரா எழுதியிருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று அழைத்துவிட்டேன். நண்பனிடம் மட்டும், வந்து தொலைக்காதே என்றேன்.

வந்து நின்றான். முதல் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறான், யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை, பாவி.

"என் கைய அம்மாம் பெருசா நானே பாத்ததில்லடா. பாத்துகினு ஓடிடறேன்."

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் உள்ளே நுழைந்தார். பெரிய மனிதரைக் கண்டால் கும்பிடுவது யோசித்துச் செய்கிற காரியமா? பாக்கெட்டிலிருந்த கை தானாக வெளியே வந்தது. இரண்டு கையும் சேர்ந்தன. இடது கையின் இரண்டு விரல்கள் மட்டும் துணையில்லாமல் நின்றன.

மேனேஜர் யூனிஃபார்மைப் பார்த்தார். கும்பிட்ட கையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"இது உங்க கையா?"

"ஆமா சார்."

அவர் என் பக்கம் திரும்பி, "லைட்டிங் பிரமாதம்" என்றார். நான் பொன்னாடை போர்த்தினேன்.

அடுத்த வாரம் கம்பெனி கேட்டில் நண்பனின் அடையாள அட்டை வேலை செய்யவில்லை. சேஃப்டி என்று காரணம் சொன்னார்களாம்.

அவன் வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையதுதான், அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவன் அழவில்லை.

"கிழிச்சா இன்னா, வெரலு மொளச்சிடுமா? வுடு. அஞ்சு மாசம் இந்தக் கையால லைன் ஓட்டிகினு இருந்தேன். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆவல. சூப்பர்வைசரப் போய்க் கேளு. அத எவனும் போட்டோ எடுக்கல. நீயுந்தான் எடுக்கல."

எடுக்கவில்லைதான். எனக்கு அது தோன்றக்கூட இல்லை.