எண்ணூரில் நண்டுக்கு நான்கு பெயர்

ஓசூர்ப் பக்கம் ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகள் என் வகுப்பில் வருடத்துக்கு வருடம் கூடுகிறார்கள். அவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. என்னோடு ஆசிரியர் பயிற்சி முடித்த ஷகிலா எண்ணூரில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறார். "வியாழக்கிழமை ஒரு பொண்ணோட அம்மா வந்து ஒடியாவுல கதை சொல்லப் போறாங்க, வந்து பாரேன்" என்றார். போன நவம்பரில் ஒருநாள் லீவு போட்டுவிட்டு, ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குப் போனேன்.

மூர் மார்க்கெட் நிலையத்தில் காலை 8.10க்கு மின்சார ரயில், டிக்கெட் பத்து ரூபாய். ஒன்பது மணிக்கு எண்ணூர். அங்கிருந்து பள்ளி இருக்கும் நெட்டுக்குப்பம் பக்கம் மூன்று கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய்.

"இங்க சுத்திப் பாக்க இன்னா சார் கீது?" என்றார் ஓட்டுநர். பள்ளிக்கூடம் பார்க்க வந்ததாகச் சொன்னேன். "எங்க தெருப் பசங்க தெலுங்கு, இந்தின்னு எல்லாம் பேசிக்கினு கீதுங்க சார். எனக்குத்தான் ஒண்ணும் பிரியல" என்று சிரித்தார்.

வகுப்பில் இருபத்தாறு பேர். மீனவர் வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். தெலுங்கு, உருது பேசுகிற பிள்ளைகளும் உண்டு. அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலைக்கு வந்த ஒடிசாக்காரரின் மகள் சுமித்ரா. பள்ளியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியும் வாயே திறக்கவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஏறவில்லை, முதல் வகுப்பில் உட்காரவைக்கலாம் என்று தலைமையாசிரியர் முடிவெடுத்திருந்தார். ஷகிலாதான் ஒரு வாரம் அவகாசம் கேட்டிருந்தார்.

சுமித்ராவின் அம்மா மினதி தயங்கித் தயங்கி உள்ளே வந்து, கரும்பலகையில் ஒரு நண்டு வரைந்தார். ஷகிலா பெயர் கேட்டார். நண்டு, பீத்த, கேக்டா என்று தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் சத்தம். மினதி மெதுவாக, "கங்கடா" என்றார். பிள்ளைகள் எல்லோரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். பிறகு ஒடியாவில், கையை ஆட்டி ஆட்டி, பலகையில் கோடு போட்டு அழித்து ஒரு கதை. கூடையில் பன்னிரண்டு நண்டு, நான்கு தப்பித்து ஓடிவிட்டன. மீதி எத்தனை என்று மகளைப் பார்த்துக் கேட்டார்.

சுமித்ரா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மறுபடி கேட்டார்.

"ஆட்ட."

அப்படியென்றால் எட்டு என்று ஷகிலா சொல்வதற்குள், பக்கத்தில் இருந்த நித்யா எழுந்துவிட்டாள். "டீச்சர், இவளுக்குக் கணக்கு வருது. இவ சொல்றதுதான் நமக்குப் பிரியல."

வாசலில் நின்றிருந்த தலைமையாசிரியர் உள்ளே வந்து பலகையைப் பார்த்தார். பிறகு, "பொண்ணு இங்கேயே இருக்கட்டும். வாராவாரம் வர முடியுமான்னு அவங்கள கேளுங்க" என்றார். ஷகிலா இந்தியில் கேட்டார். வியாழன்தோறும் தனக்கு வேலை இல்லை, வருகிறேன் என்றார் மினதி.

ஒப்பந்தம் முடிந்தால் இந்தக் குடும்பம் எங்கே போகும் என்று தெரியாது. ஒடியாப் புத்தகம் ஒன்றுகூடப் பள்ளியில் இல்லை. ஆனாலும் ஒரு அம்மாவும் ஒரு கரும்பலகையும் போதுமாக இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். என் வகுப்பிலும் இப்படித்தான் தொடங்கப் போகிறேன்.

போக நினைப்பவர்கள் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். சாப்பாடு கையில் எடுத்துப் போங்கள். மத்தியானத்தில் ரயில் குறைவு, நான் நாற்பது நிமிடம் காத்திருந்தேன்.

கிளம்பும்போது சுமித்ராவிடம், "வரேன்" என்றேன். "ஆசுச்சி" என்றாள். ஒடியாவிலும் போகிறவர்கள் வருகிறேன் என்றுதான் சொல்வார்களாம். நான் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டி, உதட்டைக் குவித்து, சரியாக வரும்வரை மூன்று முறை சொல்லவைத்துத்தான் என்னை விட்டாள்.