அந்த இரண்டு ஏபி

என் கணவருக்கு மற்றவர்களுக்கு அட்சரகணிதம் படிப்பிக்கும் பழக்கம் உண்டு. யாரும் கேட்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் கணிதத்தில் புலியாம். அந்தப் புலி இப்போது பேர்லினில் பஸ் ஓட்டுகிறது.

நாற்பது வயது தாண்டிய பிறகு நான் மாலைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் கிண்டர்கார்டன் வேலைக்கான அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி கிடைக்காது. எழுத்துத் தேர்வில் (a+b)² என்பதை a²+b² என்று விரித்துவிட்டு வந்தேன். கணிதம் போய்விட்டது. மிஞ்சியது வாய்மொழித் தேர்வு ஒன்றுதான். அதிலும் கோட்டைவிட்டால் எனக்குச் சொல்லிவைத்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

“ஏ வர்க்கம், கூட்டல் ரெண்டு ஏபி, கூட்டல் பி வர்க்கம். சொல்லும்!” என்று சாப்பாட்டு மேசையிலேயே அவர் வகுப்பைத் தொடங்கினார். சொன்னேன்.

“அந்த ரெண்டு ஏபி எங்கயிருந்து வருதப்பா?”

“அது வரும். கேள்வி கேக்காமப் பாடமாக்கும். நாங்கள் எல்லாம் அப்பிடித்தான் படிச்சனாங்கள்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பிறந்தநாளுக்காகப் பால் ரொபி என்ற இனிப்பைக் கிண்டிச் சதுரத் தட்டில் ஊற்றி வைத்திருந்தேன். அந்தக் கோபத்தோடு கத்தியை எடுத்து, அடுத்தடுத்த இரண்டு ஓரத்திலிருந்தும் ஒரே அளவு தள்ளி, நெடுக்காக ஒன்றும் குறுக்காக ஒன்றும் கீறினேன். ஒரு பெரிய சதுரம். எதிர் மூலையில் ஒரு சின்னச் சதுரம். மற்ற இரண்டு மூலைகளிலும் ஒரே அளவில், ஏ நீளமும் பி அகலமுமாக இரண்டு நீளத் துண்டுகள். தேர்வில் நான் விட்டுவிட்டு வந்தது இந்த இரண்டையும்தான்! அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். அவர் வந்து பெரிய சதுரத்தில் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, “என்ன, பாடமாக்கியாச்சோ?” என்றார்.

வாய்மொழித் தேர்வில் ஆசிரியை சூத்திரத்தைக் கேட்கவேயில்லை. ஏன் அப்படி வருகிறது என்றுதான் கேட்டார். பலகையில் அந்த ரொபித் தட்டைப் படமாகக் கீறிக் காட்டினேன். ஒரு கோடும் நேராக வரவில்லை. ஆனாலும் பாஸ். சந்தோஷம் தாங்காமல் யு-பான் ரயிலில் அழுதுகொண்டே வந்தேன்.

வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில், அன்னதான வரிசையில் நின்றபடியே அவர் அறிவித்தார்: “மனுசி பாஸ். நான்தான் படிப்பிச்சனான்.” எல்லோரும் கைகொடுத்தார்கள், அவருக்கு. வெளியே நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது இரண்டு பெண்கள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்கள்.

“அக்கா, எங்களுக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில சேர விருப்பம். கணக்கை நீங்கள் சொல்லித் தாறியளோ? எங்களை அண்ணையிட்ட மட்டும் விட்டிடாதேங்கோ.”