ரிங் போகிறது என்று சொன்னேன்

சாத்தூரில் எங்கள் தெருவில் யார் செல்போன் வாங்குவதாக இருந்தாலும் முதலில் என் வீட்டுக்கு வருவார்கள். அதன்பிறகுதான் கடைக்குப் போவார்கள். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பென்ஷன் கைக்கு வந்ததும் மதுரைக்கு ரயிலேறி, கடைகளில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பது என் வழக்கம். முன்னறை மேசை முழுக்கப் போன்களும் சார்ஜர்களும் கழற்றிப் போட்ட பேட்டரிகளும் கிடக்கும். அந்த மேசையை மட்டும் என் மனைவி துடைக்க மாட்டாள். "அது உங்க சாமி. நீங்களே அபிஷேகம் பண்ணிக்கோங்க" என்பாள்.

எல்லாக் கம்பெனிகளைப் பற்றியும் எனக்கு அபிப்பிராயம் இருந்தது. ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு சார்ஜர் முனை வைக்கிறவன் திருடன் என்பேன். வேறு சிம் போட முடியாதபடி போனைப் பூட்டி விற்கிறவன் அவனைவிடப் பெரிய திருடன். தபால்தலை அளவுக்குப் படம் எடுக்கிற கேமராவை வைத்துவிட்டு இரட்டை விலை கேட்கிறவனைப் பற்றி அரை மணி நேரம் பேசுவேன். நான் மனதாரப் புகழ்ந்தது போனின் தலையில் டார்ச் வைத்தவனை மட்டும்தான். மின்வெட்டில் கிடக்கிற ஊரை நினைத்துப் பார்த்து எவனோ ஒருவன் செய்திருக்கிறான் என்று தோன்றும். இப்படி எல்லோரையும் திட்டுவேன், அடுத்த மாதமே அவர்களிடமே புதிதாக ஒன்று வாங்குவேன். திட்டுகிறவன் ஏமாற மாட்டான் என்று ஒரு நினைப்பு.

அந்த வேகத்தில்தான் வீட்டிலிருந்த லேண்ட்லைனை ஒப்படைத்தேன். எத்தனையோ வருடங்களாக இருந்த நம்பர். "சும்மா கெடந்தா என்ன, சோறா கேக்குது?" என்று மனைவி சொன்னாள். கம்பிக்குக் காலம் முடிந்துவிட்டது என்று அவளுக்கு வகுப்பு எடுத்தேன்.

வீட்டின் பின்பகுதியில் ஒரு தம்பதியை வாடகைக்கு வைத்திருந்தோம். அவன் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிற வேலை பார்த்தான். அவள் வீட்டில் உட்கார்ந்தபடியே காகிதக் குழாய் உருட்டுவாள். பிள்ளைகள் இல்லை. சீசன் நேரத்தில் வேலை நீண்டால், அவன் ஏதாவது கடையில் காசு போட்டுப் பேசுகிற ஒரு ரூபாய் டப்பாவிலிருந்து எங்கள் லேண்ட்லைனுக்குக் கூப்பிடுவான். "சார், நாந்தான். லோடு ஏத்துறாக, வர நேரமாகும்னு அவகிட்டச் சொல்லிருங்க." அந்த நம்பர் அவனுக்குத் தலைகீழாகப் பாடம்.

லேண்ட்லைன் போனதும் அவனுக்கு என்னிடமிருந்த டார்ச் போனைக் கொடுத்தேன். பழையதுதான், நல்ல போன். அவன் பேரிலேயே ஒரு சிம் வாங்கிப் போட்டு, என் செல் நம்பரை அதில் ஏற்றி, இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் போதும், என் போன் அடிக்கும் என்று பழக்கினேன்.

"நம்பர வேணா எழுதிக் குடுங்க சார், மனப்பாடம் பண்ணிக்கிடுதேன்" என்றான்.

"எதுக்குப்பா? அதுக்குத்தான் மெஷின் இருக்கே. மண்டைய வேற வேலைக்கு வச்சுக்கோ."

"மண்டையில ஒண்ணுமே இல்லன்னுதான் இவ சொல்லுதா" என்று மனைவியைக் காட்டிச் சிரித்தான். அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

கொஞ்ச நாளில் அவன் ஒரு புகாரோடு வந்தான். அவனைக் கூப்பிடுகிறவர்கள் காதில் மணிக்குப் பதிலாகச் சினிமாப் பாட்டு கேட்கிறதாம். அவன் கேட்காமலே கம்பெனி பாட்டை ஏற்றிவிட்டு மாதாமாதம் காசைப் பிடிக்கிறது. "பூராப் பயலும் கேலி பண்ணுதான் சார். இத எடுத்து விடுங்க." கம்பெனியைக் கடுமையாகத் திட்டினேன். எடுத்துவிடத்தான் இல்லை. வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டு இதை அழுத்து, அதை அழுத்து என்று நிற்கச் சோம்பலாக இருந்தது. "இருந்துட்டுப் போகுது, பாட்டு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த வருடம் தீபாவளிக்குச் சில வாரங்கள் இருந்தன. ஒரு நாள் முற்பகலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதற்கப்புறம்தான் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தம் என்னவென்று யாரும் யாரையும் கேட்பதில்லை. எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறிப் புகை எந்தத் திசையில் என்றுதான் பார்ப்பார்கள். மேற்கே எழுந்தது. நான் கீழே இறங்குவதற்குள் அவன் மனைவி எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டாள். கைவிரல்களில் பசை காயவில்லை. தெருவில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போன ஒருவர் அவன் வேலை செய்கிற கம்பெனியின் பேரைச் சொல்லிக்கொண்டே போனார்.

நான் போனை எடுத்தேன். லைன் கிடைக்கவில்லை. சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பீப் பீப் என்று அறுந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அறுந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அந்தப் பாட்டு வந்தது.

"ரிங் போகுது!" என்று கத்தினேன்.

போனை அவள் காதில் வைத்தேன். பாட்டைக் கேட்டதும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பாட்டு முடிந்து லைன் நின்றது. யாரும் எடுக்கவில்லை.

"எடுக்கலையே சார்."

"எடுக்கலைன்னா என்னம்மா? ரிங் போகுதுல்ல. தீயில மாட்டியிருந்தா போன் செத்துப்போயிருக்கும். அணைச்சு வச்சிருக்குன்னு சொல்லும், இல்ல எல்லைக்கு வெளிய இருக்குன்னு சொல்லும். பாட்டு வருதுன்னா போன் நல்லா இருக்கு. போன் நல்லா இருந்தா அவனும் நல்லா இருக்கான். அங்க ஆளத் தூக்கி விட்டுக்கிட்டு இருப்பான், எடுக்க நேரமிருக்காது."

அவள் மூக்கைத் துடைத்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "உள்ள போன் கொண்டு போகக் கூடாது, கேட்லயே வாங்கி வச்சிக்கிடுவாகன்னு அவுக ஒருக்கா சொன்ன மாதிரி இருக்கு சார்."

அவள் சொன்னது என் காதில் விழவில்லை என்று நான் எழுதினால் அது பொய். நன்றாக விழுந்தது.

"அதெல்லாம் பேருக்கு ஒரு சட்டம்மா. எவன் குடுப்பான்? அப்படியே கேட்ல இருந்தாலும் இவ்வளவு அடிக்குதே, வாட்ச்மேன் எடுக்க மாட்டானா? அவன் மடியிலதான் இருக்கு."

எவ்வளவு கச்சிதமான வாதம்! முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய குரலில் அதைச் சொன்னேன். அந்த ஆலைக்குள் ஒரு நாளும் நான் கால் வைத்ததில்லை. பொறி பறக்கிற எதையும் அங்கே விடமாட்டார்கள் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் போன் நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. அது உயிரோடு அடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு வெப்பத்திலும் என் போன் தாங்கிவிட்டது என்று எனக்குள் ஒரு மூலையில் பெருமைகூட இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "ஏங்க, ஆட்டோவக் கூப்பிடுங்க. சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம். இருந்தா இருக்காரு, இல்லன்னா திரும்பி வந்துருவோம்."

"அங்க நீ நினைக்கிற மாதிரி உள்ள விட மாட்டாங்க. இவளக் கொண்டுபோய் அந்தக் கூட்டத்துல நிறுத்தணுமா? அவன் இங்க வந்து தேடுனா? கொஞ்சம் பொறு. அவனே கூப்பிடுவான்."

அவள் செருப்பைக் கழற்றவில்லை. நான் அசையவுமில்லை. வீட்டில் படித்தவன் சொன்னால் அதுதான் என்று நாற்பது வருடமாக வைத்திருந்தோம். அன்றும் அதுவே நடந்தது.

பகல் முழுவதும் அந்தப் பாட்டைக் கேட்டோம். நான் போடுவேன், அவள் காதில் வைப்பேன், அவள் கேட்டுவிட்டுத் தலையாட்டுவாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் விளக்கினேன். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்த்தா" என்று ஒருத்தி அவள் முதுகைத் தடவினாள். மனைவி போட்டுக் கொடுத்த காப்பியை அவளைக் குடிக்க வைத்தேன். அவள் குடித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு, பாட்டு பாதியில் நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள். நான் அவன் பேரைச் சொல்லி, "எங்கப்பா இருக்க?" என்றேன்.

வயதான குரல். கமறிப்போயிருந்தது. "யாருங்க? இது கேட்ல கெடக்கு. அம்புட்டுப் பேரு போனும் இங்கன தட்டுலதான் கெடக்கு. காலையிலருந்து எல்லாம் கத்திக்கிட்டேதான் கெடக்கு. நான் ஒருத்தன், ஆளத் தூக்குவனா, போனத் தூக்குவனா? இந்தப் போன்காரரு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாருய்யா. மொத வண்டியிலயே ஏத்திட்டோம். பேசிக்கிட்டுத்தான் போனாரு. நீங்க இன்னும் போகலையா?"

ஆட்டோ பிடித்துச் சிவகாசிக்குப் போனோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ஆள் எங்களைத் தடுத்து, எந்த ஊர், யாரைப் பார்க்க வந்தோம் என்று கேட்டார். அவருடைய தம்பி அவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தானாம். நாங்கள் சொன்னதும் அவர் அவளைப் பார்த்தார்.

"நீங்கதானா அது? மத்தியானம் பூரா உங்களத்தான்மா கேட்டுக்கிட்டே கெடந்தாரு. நம்பர் சொல்லுங்கண்ணே, நான் கூப்பிட்டுத் தாரேன்னேன். டக்குனு ஒரு நம்பர் சொன்னாரு. போட்டா, அப்படி ஒரு நம்பரே இல்லங்குது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணேன்னா திருப்பியும் அதேதான் சொல்லுதாரு. வேற நம்பர் இல்லையான்னேன். போன்ல இருக்குன்னாரு. போன் எங்கண்ணேன்னா, கேட்லன்னாரு."

அவர் அந்த நம்பரை உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தார். பாதி அழிந்திருந்தது. முதல் மூன்று எண்களைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் லேண்ட்லைன்.

"இப்ப எங்கண்ணே இருக்காக?" என்று அவள் கேட்டாள்.

"கொஞ்சம் முன்ன வந்திருக்கக் கூடாதாம்மா" என்றார்.

என் மனைவி அவளைப் பிடித்துக்கொண்டாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. தெருவிலிருந்து யாரோ, அவன் கூப்பிட்டானா என்று கேட்பதற்காக.

காரியங்கள் முடிந்து, கேட்டிலிருந்து அவனுடைய போனும் வந்து சேர்ந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அவள் ஊருக்குப் போவாள் என்று நினைத்தோம். போகவில்லை. மறுபடி குழாய் உருட்டினாள். என்னிடம் ஒரு வார்த்தை குறையாகப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

பிறகு ஒரு முற்பகலில், சுவருக்கு அந்தப்புறம் அவன் போன் அடித்தது. அவள் கதவைப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் கையில் எதுவும் வாங்காமல் திரும்பி வந்தாள். மறுநாளும் அப்படியே. கடையில் ஒரு ரூபாய் டப்பா இருக்கிறது. அவள் போனைச் சார்ஜில் வைத்துவிட்டுப் போய், அங்கிருந்து அவனைக் கூப்பிடுகிறாள் என்பது எனக்குப் புரிய நாளானது. அவள் காதில் பாட்டு. என் காதில் மணி. எடுக்க ஆளில்லாத வீட்டில் அது அடித்து முடிகிறவரை நான் மேசைமுன் உட்கார்ந்திருப்பேன். எழுந்து போகவும் எனக்கு உரிமை இல்லை என்று தோன்றும்.

அவள் கேட்காமலே அந்த நம்பருக்குப் பணம் போட்டு வந்தேன். ஆனால் அந்தக் கம்பெனி ஏதோ திட்டத்தை மாற்றியது. இத்தனை நாளைக்குள் இந்தத் தொகைக்குப் போடவேண்டும் என்று குறுஞ்செய்தி அந்தப் போனுக்கே அனுப்பியிருக்கிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு நாள் மணி அடிக்கவில்லை. அவள் கடையிலிருந்து நேராக எங்கள் கூடத்துக்கு வந்தாள். அந்தக் கூடத்துக்கு அன்றைக்கப்புறம் அப்போதுதான் வருகிறாள்.

"சார், ரிங் போகல. என்னன்னு பாருங்க" என்று போனை நீட்டினாள்.

வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டு, இதை அழுத்து, அதை அழுத்து என்றதற்கெல்லாம் அழுத்தினேன். அன்று சோம்பல் பட்ட அதே வேலை. கெஞ்சினேன். விருதுநகருக்கு பஸ்ஸேறி அவர்கள் அலுவலகத்தில் போய் நின்றேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "கெடுவுக்குள்ள அந்தத் தொகை போடாததால நம்பர் ரத்தாயிருச்சு. திரும்ப வாங்கணும்னா வாடிக்கையாளர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும் சார்" என்றாள். வர முடியாது என்றேன். "ஒரு அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போகச் சொல்லுங்க சார்." அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டு வாசலில் அவள் காத்திருந்தாள். பேச வாய் எடுத்தபோது வேறு ஒன்று வந்தது. "அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா. ரிங் போனா ஆள் இருக்கான்னு அர்த்தமில்ல. நீ கேட்னு சொன்ன, நான்தான் கேக்கல."

"அது ஆஸ்பத்திரியிலயே தெரிஞ்சு போச்சு சார்" என்றாள். குரலில் கோபமும் இல்லை, வேறு எதுவும் இல்லை. "பாட்டு இனிமே வருமா வராதா, அதச் சொல்லுங்க."

"வராதும்மா."

என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்தாள். சாவியை என் மனைவியிடம்தான் கொடுத்தாள்.