கவாத்து வெட்டிய தோட்டமும் சொத்துரிமையும்

அன்று உத்தமபாளையத்தில் வக்கீல் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: வக்கீல், என் வீட்டுக்காரர், கொழுந்தன், நான். குமாஸ்தா லீவு. வக்கீலே எழுந்து போய் எங்கள் வழக்குக் கட்டைத் தேடி எடுத்து வந்தார்.

புறவழிச்சாலைக்காக எங்கள் திராட்சைத் தோட்டத்தில் பாதி போய்விட்டது, கிணற்றோடு. நிலத்துக்கும் கிணற்றுக்கும் வந்த பணம் கூட்டுறவுச் சங்கத்துக் கடனுக்குச் சரியாகிவிட்டது. கொடிகளுக்கு வரவேண்டியது மட்டும் வரவில்லை. அது வந்தால்தான் மீதிப் பாதிக்கு ஆழ்துளைப் போர் போட முடியும். இல்லையென்றால் அதுவும் காய்ந்துவிடும்.

நடந்தது இதுதான். கணக்கெடுக்க அதிகாரி வருகிறார் என்றதும், தோட்டம் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரர் ஆள் விட்டு மொத்தக் கொடியையும் ஒட்ட நறுக்கிக் கவாத்து வெட்டிவிட்டார். காய்ப்பு முடிந்தால் வழக்கமாக வெட்டுவதுதான், சில நாளில் துளிர்த்துவிடும். வந்தவர் வெளியூர்க்காரர். இலையில்லாத குச்சிகளைப் பார்த்துவிட்டு, காய்ந்த கொடி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

“பொண்ணு பாக்க வாராகன்னு தலைய மொட்டையடிச்சு நிறுத்துன கதை சார்,” என்றான் கொழுந்தன்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் மனதில் கிடந்ததைக் கேட்டேன். “சொத்து நம்ம உரிமைன்னு அரசியலமைப்புல இருக்குல்ல சார்?”

“இருக்கும்மா, ஆனா முன்ன மாதிரி இல்ல. பேச்சுரிமை மாதிரி அதுவும் அடிப்படை உரிமையாத்தான் இருந்துச்சு. பெறகு எழுபத்தெட்டுல திருத்திட்டாக. இப்ப சாதாரண சட்ட உரிமைதான்.”

“எங்களக் கேட்டாகளா?”

“நீங்க ஓட்டுப் போட்டு அனுப்புனவுகதான் செஞ்சாக. பார்லிமெண்டு ரெண்டு சபையிலயும் ஓட்டுப் போட்டவுகள்ல மூணுல ரெண்டு பங்கு சம்மதிக்கணும், அது மொத்த உறுப்பினர்ல பாதிக்கு மேல இருந்தாப் போதும்.”

“மதினி அப்பப் பொறக்கவே இல்ல,” என்றான் கொழுந்தன்.

“அப்ப மத்த உரிமையையும் மாத்திருவாகளா?” என்றேன்.

“அரசியலமைப்போட அஸ்திவாரம், அதான் அடிப்படைக் கட்டமைப்பு, அதுல கை வைக்க முடியாது. கோர்ட்டு விடாது.”

“அது எது எதுன்னு எழுதி வச்சிருக்காகளா சார்?”

“ஒரே இடத்துல எழுதலம்மா. வழக்கு வர வர கோர்ட்டு சொல்லும்.”

எழுதி வைத்ததே மாறும் என்கிறார், எழுதாததை எப்படி நம்புவது என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு வக்கீலே சொன்னார்: “இப்பவும் சட்டப்படி மட்டுந்தான் எடுக்க முடியும். அந்தச் சட்டம் கொடிக்கும் காசு குடுக்கச் சொல்லுது. கொடி உசுரோட இருந்துச்சுன்னு காட்டணும், அவ்வளவுதான்.”

“மீதிப் பாதியையும் அன்னைக்கேதான் வெட்டுனோம்,” என்றார் என் வீட்டுக்காரர், மெதுவாக. “அது துளுத்து நிக்குது. வந்து பாக்கச் சொல்லுங்க.”

வக்கீல் மனுவில் அதை எழுதினார். ஆள் வருகிற வரைக்கும் துளிர் வாடக்கூடாதே என்று டேங்கர் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். தினமும் காலையில் எழுந்ததும் நான் போய் இலையைத் தொட்டுப் பார்ப்பேன். கடைசியில் வந்தார்கள், பார்த்தார்கள், கொடுக்கலாம் என்று உத்தரவும் ஆகிவிட்டது. பணம் எப்போது என்று போய்க் கேட்டால், மேலிருந்து நிதி வரவேண்டும் என்கிறார்கள். போர் போடவில்லை. தண்ணீரை இன்னும் விலைக்குத்தான் வாங்குகிறோம்.

எங்களுக்கு வரவேண்டியது இரண்டு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்.