தக்காளிப் பாத்தியில் தொங்கிய காக்கை

மூங்கில் கழியின் நுனியில் தலைகீழாகத் தொங்கிய ஒரு செத்த காக்கை. ஓர் இறக்கை விரிந்தும் மற்றது மடங்கியும் இருக்கும். காற்றடித்தால் மெல்லச் சுற்றும். இந்த வயதில் எனக்குப் பல பேருடைய முகம் மறந்துவிட்டது. இந்தக் காக்கை மட்டும் போக மாட்டேன் என்கிறது. என் மருமகள் மாடியில் தக்காளி வைத்து, அதன்மேல் பச்சை நைலான் வலை போட்டிருக்கிறாள். அந்தப் பக்கம் துணி உலர்த்தப் போனாலே என் கண் வலைக்கு மேலே எதையோ தேடுகிறது. காக்கையை அன்று கட்டியவள் என் ஓரகத்தி, என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். கூடப் பிறந்தவள்கூட அவ்வளவு ஒட்டுதலாக இருந்திருக்க மாட்டாள்.

அது யுத்த காலம். ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊரில் சீமைத் தக்காளியை வீட்டில் வளர்த்தவர் அதுவரை யாரும் இல்லை. அக்காவின் தம்பி திருச்சியிலிருந்து விதை கொண்டுவந்து கொடுத்தான். எங்கள் மாமியாருக்கு அந்தப் பழத்தைக் கண்டாலே ஆகாது. "ரெத்தங் கணக்கா இருக்கு, இதக் கொழம்புல போட்டா எவ திம்பா?" என்பார். மாமியார் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும், அக்காவுக்குக் கை பரபரக்கும். மறுநாளே கிணற்றடியை ஒட்டிப் பாத்தி கட்டிவிட்டாள்.

செடி தழைத்ததும் விருந்தாளிகள் வந்தார்கள். புழுவைக் கையால் பொறுக்கிவிட்டு அடுப்புச் சாம்பலைத் தூவினாள். அணிலுக்குச் சுற்றிலும் கருவேல முள்ளை வைத்தாள். காக்கையிடம்தான் எதுவும் பலிக்கவில்லை. பழம் சிவக்கும்வரை பொறுத்திருந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போகும். முழுதாகத் தின்றாலாவது பசி என்று விட்டுவிடலாம். மீமிசலிலிருந்து வரும் கருவாட்டுக்காரிக்குக் கடலையை அளந்து கொடுத்துக் கிழிந்த வலை ஒன்றை வாங்கிப் போர்த்தினாள். வலையில் மீன் வாடை போகவில்லை. ஊர்க் காக்கை முழுவதும் எங்கள் வீட்டில் கூடியது, பூனைகளும் சேர்ந்துகொண்டன. மாமியார் அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கடலை விதைக்கிற நாளில், விதைத்த பருப்பைக் காக்கை தோண்டித் தின்னாமல் இருக்க, செத்த காக்கை ஒன்றைக் கழியில் கட்டித் தொங்கவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அது கடலைக் காட்டோடு சரி. வீட்டுக்கு வரும் காக்கை முன்னோர் அல்லவா? அதற்கு ஒரு பிடி வைத்துவிட்டுத்தான் நாங்கள் இலையில் கை வைப்போம். அக்கா காட்டுக் கழியைக் காக்கையோடு அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்தாள். "வீட்டுல கட்டாதடி, பெரியவுக கோவிச்சுக்குவாக" என்று மாமியார் பதறினார்.

"கோவிச்சுக்கிட்டு நாலு நாளு அங்கிட்டு இருக்கட்டும் அத்தை. பழம் ஓஞ்சதும் நானே கூப்புட்டு வடை வைக்கிறேன்" என்றாள் அக்கா. வரும் வழியில் கயிறு தளர்ந்திருந்தது. அவள் கணவர் சிரித்துக்கொண்டே கழியைப் பிடித்துக்கொள்ள, அவளே அதை அவிழ்த்து, இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

அன்றோடு காக்கை நின்றது. கொத்துப்படாத முதல் பழத்தை அக்கா அரிவாள்மனையில் நறுக்கி, உப்புத் தொட்டு எனக்கு ஊட்டினாள். செடியில் பழம் ஓயுமுன்பே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. புதுக்கோட்டைக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த வண்டியில் அவள் இல்லை, உடம்புதான் வந்தது.

கருமாதியன்று கிணற்றடிச் சுவர்மேல் இலை போட்டுச் சோறு வைத்தார்கள். எல்லாரும் "கா, கா" என்று கூப்பிட்டோம். தூரத்துப் புளியமரத்தில் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன, ஒன்றும் இறங்கவில்லை. செத்தவளுக்கு ஏதோ மனக்குறை என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது. குறையைத் தீர்க்க ஒவ்வொருவராக வாக்குக் கொடுத்தார்கள். அக்காவின் தாய், தம்பிக்கு நல்ல இடத்தில் பெண் பார்ப்பதாகச் சொன்னாள். மாமியார் மாரில் அடித்துக்கொண்டு, "நாந்தான் ஒன்ன ஏசிப்புட்டேன், எறங்கி வா ஆத்தா. இனிமே கொழம்புல தக்காளி போடுறேன்" என்று கதறினார். இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வந்து, அதே மூச்சில் அழுகை வருகிறது. கடைசியில் யாரோ, "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மாப்ள" என்றார்கள். பிள்ளைகூட இல்லாத அக்காவின் கணவர் இலையைப் பார்த்துக்கொண்டு, "ஒன் எடத்துக்கு இன்னொருத்தியக் கொண்டார மாட்டேன்" என்றார். அப்போதும் வரவில்லை. வெயில் ஏறியதும் சோற்றை எடுத்து மாட்டுக்கு வைத்துவிட்டார்கள்.

அந்தக் கழி எனக்கு அன்று நினைவுக்கு வரவில்லை. காய்ந்து இறகும் எலும்புமாக அது பாத்தியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பிறகு என் கணவர் அதைப் பிடுங்கி எறிந்தார். சில நாளில் காக்கைகள் ஒன்றுமே நடக்காததுபோலச் சுவரில் வந்து உட்கார்ந்தன. அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது.

வருசம் திரும்பியதும் மாமியார் மூத்த மகனுக்குப் பெண் பார்த்தார். அவரோ கருமாதியில் கொடுத்த வாக்கைச் சொல்லி மறுத்துவிட்டார். கணவரின் அண்ணன் எதிரில் நின்று பேசுவது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. இருந்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "மாமா, அக்காவுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. அந்தச் செத்த காக்காவப் பாத்துப் பயந்துதான் ஒண்ணும் எறங்கல. அதுக்காக நீங்க ஒத்தையா நிக்கணுமா?" என்றேன்.

"அன்னிக்கே எனக்குத் தெரியும் ஆத்தா" என்றார். "மத்த காக்கா பயப்படும், சரி. அவ எதுக்குப் பயப்படணும்? கட்டுனதே அவதானே. வரணும்னு நெனச்சிருந்தா வந்திருப்பா."

அதன் பிறகும் அவர் தினமும் சோறு வைத்துவிட்டு, இறங்குகிற ஒவ்வொரு காக்கையையும் உற்றுப் பார்ப்பார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார். கடைசிவரை ஒற்றையாகவே இருந்து போய்ச் சேர்ந்தார். அவருடைய கருமாதியன்று சோற்றை வைத்த கை எடுக்குமுன் ஒரு காக்கை வந்து இறங்கியது. மனக்குறை இல்லாத மனுசன் என்று எல்லாரும் கும்பிட்டார்கள். ஆயுசு முழுக்க ஒவ்வொரு காக்கையிலும் அவளைத் தேடியவருக்கா குறை இல்லை? எனக்கு வந்த ஆத்திரத்தில் கல்லை எடுத்து அதை அடித்திருப்பேன்.