பொதி இல்லாத படம்

பிள்ளைகளா, உங்கள் அம்மா தைக்கப் போகும் தாராவிப் பட்டறையில் ஏசி மாட்டியவன் நான்தான். எட்டாவது வரை படித்தவன். பிழைப்பே ஏசி வேலைதான். அதை மாட்டிய மறுநாளே அங்கே சண்டை தொடங்கிவிட்டது. ஏசிக்கு நேர் கீழே உட்காரும் உங்கள் அம்மாவுக்குத் தோள் விறைத்தது. இஸ்திரி மேஜைப் பக்கமோ வியர்வை துணியில் சொட்டியது.

“ஒனக்கு மட்டும் ஊட்டி, எங்களுக்கு அடுப்படியா?” என்று இஸ்திரி போடும் அக்கா கத்தினாள்.

“அப்ப நீ வந்து இங்க இரி. விறைச்சுப் போவ” என்றாள் அம்மா.

பட்டறை முதலாளி என்னைக் கூப்பிட்டார். “சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணும் வே. இல்லன்னா கழட்டிட்டுப் போயிரும். தினமும் பஞ்சாயத்து பேச என்னால ஆகாது.”

தகரக் கூரைக்குக் கீழே மே மாதம். ஏசி போனால் இரண்டு பக்கமும் வெந்துபோகும்.

நம் கல்லியில் நாலு வீடு தள்ளி இருக்கும், இன்ஜினியரிங் படிக்கும் அக்காவிடம் போனேன். அறைக்குள் காற்று எப்படி ஓடும், யாருக்குக் குளிரும், யாருக்கு வேர்க்கும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கலாம் என்றாள். ஞாயிறன்று கோயிலுக்குப் போய்விட்டு டேப்போடு வந்தாள். சுவர், ஜன்னல், மிஷின், இஸ்திரி மேஜை எல்லாவற்றையும் அளந்தாள்.

செவ்வாய்க்கிழமை லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். குளிர்ந்த இடம் நீலம், சூடான இடம் சிவப்பு. படம் முழுக்க ஒரே இளநீலம்.

“மாமா, இதுபடி எல்லாருக்கும் சுகமாத்தான் இருக்கணும்.”

“கம்ப்யூட்டருக்கு வேர்க்காதும்மா” என்றேன். ஆனாலும் படத்தில் ஏதோ குறைந்தது. “ஏம்மா, துணிப் பொதியெல்லாம் எங்க?”

“எந்தப் பொதி?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படித்த பிள்ளை வருகிறாளே என்று, பெண்கள் பொதிகளைக் கல்லியில் இறக்கி, தரையைக் கழுவி வைத்திருந்தார்கள். வேலை நாளில் ஏசிக்கு எதிரே கூரை வரை பொதி நிற்கும். அவளை மட்டும் என்ன சொல்ல? நான் மாட்டப் போன அன்றும் அப்படித்தான் ஒதுக்கியிருந்தார்கள். வெறும் அறையைப் பார்த்துத்தான் நானும் இடம் குறித்தேன்.

பொதிகளைப் படத்தில் அடுக்கி மறுபடி ஓட்டினாள். குளிர்காற்று பொதியில் முட்டி, அம்மாவின் தலையில் அப்படியே இறங்கியது. இஸ்திரி மேஜை செக்கச் சிவந்தது. பொதிகளை மாடிப்படிப் பக்கச் சுவருக்கு நகர்த்தினாள். நீலம் மெல்ல அறை முழுக்கப் பரவியது. இஸ்திரி மூலை மட்டும் கொஞ்சம் மஞ்சளாகவே நின்றது.

“அங்க ஒரு சின்ன ஃபேன் வைங்க மாமா.”

வெள்ளிக்கிழமை எல்லோருமாகப் பொதிகளை நகர்த்தினோம். ஃபேனையும் மாட்டினேன். பொதி தாண்டக் கூடாத இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன்.

சனிக்கிழமை முதலாளி வந்தார். நானும் ஸ்பேனர் பையோடு நின்றேன். மிஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

“என்னட்டி, சண்டையே காணும்?”

இஸ்திரி அக்கா தலையை நிமிர்த்தவில்லை. “வேற காரணம் தேடிக்கிட்டு இருக்கோம் அண்ணாச்சி.”

அம்மா சிரித்துவிட்டாள். முதலாளி என் பையைப் பார்த்து, “வீட்டுக்குப் போம் வே” என்றார்.